கூரையில்லாத குளியலறை

ஏற்காட்டில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுத் திரிகிற மழைக்காலத்தில் எனக்கு மட்டும் உடம்பு எரிய ஆரம்பித்தது. அப்போது எனக்கு ஐம்பத்தோரு வயது. மாதவிலக்கு நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. மிளகு, ஏலக்காய், காபித்தூள், தைலம் விற்கிறோம். மிளகு நிறுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். எதிரில் நிற்கிற வெளியூர்க்காரர் மப்ளர் சுற்றிக்கொண்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். "காய்ச்சலாம்மா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, ஸ்டவ் பக்கத்துல நின்னேன்" என்று பொய் சொல்வேன். கடையில் ஸ்டவ்வே கிடையாது.

யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் பஸ் ஏறிச் சேலம் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், ரெண்டு மூணு வருஷத்துல தானா போயிரும்" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரரிடம் சேலத்தில் மகளைப் பார்க்கப் போனேன் என்றேன்.

எங்கள் வீட்டுக் குளியலறை நாலுக்கு நாலு. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தியதும் மூச்சு முட்டும். தண்ணீர் ஊற்றி முடித்துத் துவட்டுவதற்குள் மறுபடியும் வியர்த்திருக்கும். சில நாள் ஈரத் துண்டோடு கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, அந்த இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு மாலை சாரல் போட்டது. கொடியிலிருந்த துணிகளை எடுக்கப் புழக்கடைக்குப் போனேன். எங்கள் வீடு சரிவில் வெட்டிக் கட்டியது. சமையலறைப் பின்கதவிலிருந்து மூன்று படி ஏறினால் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு சின்ன மண்தரை. அதன் பின்னால் ஆளுயரத்துக்குக் கருங்கல் அடுக்கிய சுவர். கல் இடுக்கெல்லாம் பெரணி. சுவருக்கு மேலே ஒரு சில்வர் ஓக் மரமும் அதில் படர்ந்த மிளகுக்கொடியும். நான் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். சாரல் தலையிலும் முகத்திலும் விழுந்தது. உள்ளிருந்து சூடு ஏறிக்கொண்டிருந்தது, வெளியிலிருந்து அது தணிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உலர்ந்திருந்த துணி எல்லாம் மறுபடி நனைந்து கனத்துவிட்டது.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த இடத்தை ஓர் அறை மாதிரி ஆக்க வேண்டும். மேலே ஒன்றும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஆளுயர மறைப்பு, கால் நீட்டி உட்கார ஒரு கல் பலகை, நாலு தொட்டிச் செடி, சுவரோரம் ஒரு ஷவர். கடையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே போய்விட வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்தார்.

"ஏம்புள்ள, பாத்ரூம் இருக்கிற ஊட்டுல பொடக்காளில போயிக் குளிக்கிறதா? எங்கம்மாவெல்லாம் பாத்ரூம் வேணும் பாத்ரூம் வேணும்னு அழுதுது. நீ என்னடான்னா வெளிய போறேங்கற."

"எனக்கு உள்ள மூச்சு முட்டுதுங்க."

"எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு போட்டுரலாம்."

உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆசைப்படுகிறேன், செய்து கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆசை என்று நான் கேட்பது அபூர்வம் என்பதால், சரி என்றார்.

சரி என்றவர் அங்கே தான் குவித்து வைத்திருந்ததை எடுக்கவில்லை. காலி எண்ணெய் டின்கள், உடைந்த தராசு, அட்டைப் பெட்டிகள், பழைய கடையின் பெயர்ப்பலகை. எதைத் தொட்டாலும் "அது வேணும்" என்பார். எதற்கு வேணும் என்றால் "இருக்கட்டும்" என்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வருத்தமாகக்கூட இல்லை. இடம் காலியாகிவிட்டது.

கொத்தனார் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்காரர். சொந்தமாகக் கொஞ்சம் காபித் தோட்டமும் ராகி வயலும் உண்டு. தோட்டத்து வேலை இல்லாத நாட்களில் கட்டட வேலைக்கு வருவார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் நோட்டுத் தாளில் வரைந்து வைத்திருந்த படத்தைக் கையில் வாங்கித் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

"மேல என்னங்க போடறது பாயம்மா? தகரமா, ஓடா?"

"மேல ஒண்ணும் வேண்டாங்க."

"அப்புறம் மழை வந்தா நனையுமுங்களே?"

"நனையறதுக்குத்தான் கட்டறதுங்க."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மிளகுக்கொடியைப் பார்த்தார்.

"கீழ தரை பூரா சிமெண்ட் வேண்டாங்க. கல்லு பதிச்சு நடுநடுவுல மண்ணு தெரியோணும். புல்லு முளைக்கட்டும். இந்தச் சுவத்துல கையே வெக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் வந்து மண்ணை வெட்டினார். மூன்றாம் நாள் வரவில்லை. போன் செய்தால், காபிப் பழம் சிவந்துவிட்டது, பறித்துவிட்டு வருகிறேன் என்றார். பத்து நாளாயிற்று, இருபது நாளாயிற்று. வெட்டிப் போட்ட மண்ணில் மழை இறங்கிச் சேறானது. சேறு படிகளில் வழிந்து சமையலறைக்குள் வந்தது. தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை சேறு வழிப்பதுதான். குனிந்து நிமிரும்போதெல்லாம் சூடு ஏறும். இந்த வீட்டில் எரிகிற உடம்பை வைத்துக்கொண்டு நான் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று அழுகையாக வரும். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, "அப்பவே சொன்னனே" என்பார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் நான் கடையில் இருந்தபோது கொத்தனார் சொல்லாமல் வந்து வேலையை முடித்துவிட்டார். சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் வந்ததும் பின்கதவைத் திறந்து பெருமையாகக் காட்டினார்.

தரை முழுவதும் சிமெண்ட். கண்ணாடி மாதிரி தேய்த்துப் பளபளவென்று இருந்தது. சுவரில் ஒரு பெரணிகூட இல்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கல் இடுக்குகளிலும் கலவை பூசி, ஆபீஸ் காம்பவுண்டுச் சுவர் போல ஆக்கி வைத்திருந்தார்.

"குப்பையா கெடந்துதுங்க. பூச்சி பொட்டு அடையும்னு சுத்தம் பண்ணி உட்டேன். இதுக்குத் தனியாக் கூலி வேண்டாங்க" என்றார்.

அந்தப் பெரணி அங்கே எத்தனை வருஷமாக இருந்ததோ. பிடுங்கிய இலைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நான் போய் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வேர் அறுந்திருந்தது.

"நான்தான் சொன்னேனுங்களே, சுவத்துல கை வெக்க வேண்டாம்னு."

"சொன்னீங்க. நல்லா இருக்கட்டுமேன்னுதான்..."

அவர் முகம் சுருங்கிப்போனது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் கொட்டினேன். ஏதோ கோபத்தில் கொட்டினேனே தவிரச் சோதிப்பதற்காக இல்லை. தண்ணீர் வடிகால் இருக்கிற மூலைக்குப் போகவில்லை. ஒரு நிமிஷம் நின்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு நேராகப் படிகளில் இறங்கிச் சமையலறைக்குள் போயிற்று. மூன்று பேரும் நின்று அது போவதைப் பார்த்தோம்.

அந்தத் தரையை உடைத்தார்கள். உடைத்ததில் ஒரு நன்மை, இரண்டாம் தடவை நான் கடைக்குப் போகாமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கல் பதித்தார், நடுவில் மண் விட்டார், சரிவை நூல் கட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கல்லுக்கும் "இப்படிங்களா பாயம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா மரியாதை இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது ஷவர். வீட்டுக்காரர் சேலத்திலிருந்து சரக்கோடு சரக்காக ஒன்று வாங்கி வந்தார். பிளம்பர் குழாய் இழுத்துப் பொருத்தினார். திறந்தோம். கெண்டியிலிருந்து கை கழுவ ஊற்றுவது போல ஒரு மெல்லிய தாரை கீழே விழுந்தது, அவ்வளவுதான். புழக்கடை மூன்று படி உயரத்தில் இருக்கிறது, மொட்டை மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை என்று பிளம்பர் விளக்கினார். மாட்டுவதற்கு முன்னால் இது அவருக்குத் தெரியாதா என்று நான் கேட்டேன். "நீங்க மாட்டச் சொன்னீங்க, மாட்டினேன்" என்றார். பிறகு இரும்பில் ஸ்டாண்டு அடித்து, அதன்மேல் தொட்டியை ஏற்றி வைக்க இன்னும் மூன்று வாரம். வெல்டிங்காரர் வருகிற நாளில் கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கிற நாளில் அவருக்குத் தங்கச்சி வீட்டு விசேஷம்.

ஒருவழியாக மாசிப் பனி விலகிக்கொண்டிருந்த ஒரு நாள், கடையிலிருந்து வந்து, நைட்டியோடு போய் ஷவருக்குக் கீழே நின்று குழாயைத் திருகினேன். தண்ணீர் தடதடவென்று உச்சந்தலையில் விழுந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். ஓக் மர இலைகளுக்கு நடுவே இன்னும் வெளிச்சம் இருந்தது. காற்று வந்தது. எங்கேயும் மூச்சு முட்டவில்லை. குளித்துவிட்டு ஈரத்தோடு கல் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். உடம்பிலிருந்து ஆவி போயிற்று. அன்றைக்குச் சூடு வந்தது, வந்த மாதிரியே போய்விட்டது. நான் அதை எதிர்த்து ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அப்படி நான்கு நாள் கிடைத்தது.

ஐந்தாம் நாள் ஏதோ தொடர் விடுமுறை. ஊர் முழுக்கக் கார். அடிவாரத்திலிருந்தே வண்டிகள் வரிசையில் நிற்பதாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் வீட்டுக்காரரைக் கடையில் விட்டுவிட்டுக் குளிக்க வந்தேன். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடி நின்றிருந்தபோது வண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டது. மலைத்தேனீ என்று நினைத்துக் கண்ணைத் துடைத்து நிமிர்ந்தேன். என் தலைக்கு மேலே, ஓக் மரத்தைத் தாண்டி, நாலு றெக்கையோடு ஒரு டிரோன் அசையாமல் நின்றது. அதன் வயிற்றில் கண் மாதிரி ஏதோ மின்னியது.

எப்படி உள்ளே ஓடினேன் என்று நினைவில்லை. முழங்காலில் படி இடித்து ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பெரிய துப்பட்டாவை எடுத்து மேலெல்லாம் போர்த்திக்கொண்டு, தலையில் சீயக்காயோடு, சுற்றுப்பாதையில் ஏறி மேலே வெளியூர்க்காரர்கள் தங்குகிற ஹோம்ஸ்டேவுக்குப் போனேன். புல்தரையில் ஒரு நாற்பது வயதுக்காரர் கையில் போன் மாட்டிய கருவியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி.

"கீழ எறக்குங்க அத! பொம்பளைங்க குளிக்கிற எடத்துல என்னங்க வேலை உங்களுக்கு?"

அவர் அவசரமாக டிரோனைக் கீழே இறக்கினார். "ஐயோ, காபித் தோட்டத்தத்தாம்மா எடுத்துக்கிட்டு இருந்தேன். சத்தியமா கீழ யாரும் இருப்பாங்கன்னு தெரியாது."

அந்தப் பெண் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "நீங்களே பாருங்கக்கா. பார்த்துட்டு நீங்களே அழிச்சிடுங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். காபிச் செடிகள், தகரக் கூரைகள், மேகம் மாதிரி ஓக் மரங்கள். நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு சதுரம். அந்தச் சதுரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி நிமிர்ந்து பார்த்தது, பிறகு ஓடியது. முகம் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அதை விட்டு வைக்க மனம் வரவில்லை. எங்கே தொட்டால் அழியும் என்று அவள் காட்டினாள். தொட்டேன்.

"அது உங்க வீடாக்கா? அந்த இடம் ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

மூன்று மாதப் பாட்டில் அந்த இடத்தை அழகு என்று முதன்முதலில் சொன்னது அவள்தான். சந்தோஷப்பட முடியாத நேரம் பார்த்துச் சொன்னாள். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ராத்திரி வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது பின்பக்கம் டங் டங் என்று சத்தம். வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டு நீல நிறத் தகரங்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தகரத்தைத் தாங்கச் சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது?"

"மூடிரலாம் புள்ள. இனி ஒருத்தன் பாக்க முடியாது."

"எனக்கு மேல ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன்ல."

"நேத்து நடந்ததுக்கு அப்புறமுமா? மானம் போனாப் பரவாயில்லையா உனக்கு?"

"இத மூடினா அது இன்னொரு பாத்ரூம்தானுங்களே. அதுக்கு எதுக்கு இத்தனை பாடு?"

"அப்ப எதுக்குத்தான் உனக்கு இந்த எடம்?" அவரும் கத்தினார். "ஆரம்பத்துல இருந்து கேக்கறேன். எதுக்குன்னு சொன்னாத்தான தெரியும்!"

"எனக்கு ஒடம்பு எரியுதுங்க!"

கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று முனகியபடி பக்கவழியாக வெளியே போய்விட்டார்.

நான் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சிலிருந்து ஏறுவது, கடையில் சொன்ன பொய்கள், தூக்கம் போனது, குளியலறைக் கதவு இடுக்கு. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் எதிரில் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரப் பாக்கலாமா?"

"பாத்தாச்சு."

"எப்போ?"

"மழை புடிச்ச புதுசுல. மக ஊட்டுக்குப் போனேன்னு சொன்னேன்ல, அப்போ."

"தனியாவா போன?"

"பஸ்ல."

அவர் கையிலிருந்த தகரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். "எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றார் கடைசியில். அவ்வளவுதான் வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் பல நாள் ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கே தகரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் நாகலூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து, நாற்றுகளுக்கு மேலே கட்டுகிற பச்சை வலையைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். அதை அவரே நின்று கம்பி இழுத்துக் கட்டினார். மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, காற்றும் சாரலும் உள்ளே வரும். வானம் பச்சையாகத் தெரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இதையாவது விட்டுவிடு என்று மனசுக்குள் ஏதோ சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன்.

வலைமேல் ஓக் சருகுகள் விழுந்து தொட்டில் மாதிரி தொங்குகின்றன. வாரத்துக்கு ஒருமுறை துடைப்பத்தால் அடியிலிருந்து தட்ட வேண்டும். தட்டினால் எல்லாம் என் தலையில்தான் கொட்டும். குரங்குகள் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டன. நான் ஊசி நூல் வைத்துத் தைத்தேன். தண்ணீர் வராத வாரங்களில் ஷவரைத் திறக்கவே முடிவதில்லை. வெறும் கல் பலகையில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

இந்த மழைக்காலத்தில் இன்னொன்று நடந்திருக்கிறது. சூடு வருவது குறைந்துவிட்டது. முதலில் நாளைக்கு ஒன்றிரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு. போன வாரம் ஷவரைத் திறந்ததும் அலறிக்கொண்டு வெளியே குதித்தேன். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. எல்லோரையும் போல எனக்கும் குளிர ஆரம்பித்திருக்கிறது! இத்தனை பேரோடு சண்டை போட்டு, முழங்காலை உடைத்துக்கொண்டு ஓர் இடத்தைக் கட்டி முடித்த பிறகு.

வெந்நீருக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிளம்பருக்குப் போன் போட்டார். பிளம்பர் எடுக்கவில்லை. இப்போதைக்கு அடுப்பில் காய்ச்சித்தான் எடுத்துப் போகிறேன். வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. பாதி வெந்நீர் படியிலேயே சிந்திவிடுகிறது.